விளிம்பில் வேறு பெயர்

ஆயுத பூஜைக்கு முந்தின ராத்திரி
புளி போட்டுத் தேய்க்கும்போதுதான்
விளிம்பில் விரலுக்கு எழுத்து தட்டுப்பட்டது.
எண்பது வருஷச் சந்தனம்
என் நகக்கண்ணில் ஏற ஏற
ஒவ்வொன்றாய் மேலே வந்தன ஆங்கில எழுத்துகள்.
போனில் படமெடுத்துப் பெரிதாக்கி
கூடத்தில் நின்று உரக்கப் படித்தேன்:
நம்பர் 3816, சாப்பர் தைரியநாதன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர்
கன்னியப்பன்.

ஏகாம்பரம் சித்தப்பா டிவியை அணைத்தார்.
அவர் டிவியை அணைத்து
நான் பார்த்ததே இல்லை.

பஸ்ராவுக்குப் போனவருக்கு
போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.
ஆற்றுக்குக் குறுக்கே படகுகளைக் கோத்து
ராவோடு ராவாகப் பாலம் போட்டார்,
குதிரையும் பீரங்கியும் அதன்மேல் போயின,
அது தெரியும்.
இடது கையில் இரண்டு விரல் இல்லை, அது தெரியும்.
குண்டு கொண்டுபோனது என்பார் சித்தப்பா.
திரும்பி வந்த பிறகு
சிவன்செட்டி தோட்டத்து மரமில்லில்
வாள் கொண்டுபோனது என்பாள் தவமணி அத்தை.
எந்தக் கதையிலும் விரல் மட்டும் இரண்டுதான்.

பேரீச்சம்பழத்தை வாசல்படி தாண்ட விடமாட்டாராம்.
அங்கே என்ன தின்றார், எத்தனை நாள் தின்றார்,
யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எந்தப் பாலத்தில் ஏறுமுன்னும்
குதிகாலால் மூன்று தட்டு தட்டிப் பார்ப்பாராம்.
அப்பா தட்டுவார், ரயில்வே மேம்பாலத்தில்.
நான் தட்டுகிறேன்,
அல்சூர் மெட்ரோவின் நகரும் படியில்,
பின்னால் வருபவர் கன்னடத்தில் திட்டத் திட்ட.

"அது சேட்டுகிட்ட போயிட்டு வந்த சாமான்தானே?"
என்றாள் அத்தை,
நூறு தடவை சொன்ன விஷயம் போல.
எங்களுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை.

அடுத்த சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம்.
அரிசி அளந்து கொடுத்த காலம்.
மூத்த பிள்ளைக்கு டைபாய்டு.
பஜார் தெரு அடகுக் கடையில்
வெள்ளி எடைக்கு வைத்து
எட்டு மாதம் கழித்து மீட்டார்.
சேட்டின் இரும்புப் பெட்டியில்
இப்படி எத்தனை கிடந்தனவோ.
பாதித் தெரு பஸ்ரா போய் வந்த தெரு.
எல்லாவற்றிலும் அதே ராஜா தலை.
கடைப்பையன் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தான்.
எடை சரியாக இருந்தது.

"அவருக்குப் படிக்கத் தெரியாதே பாவம்."
"யார் சொன்னது? பென்ஷன் தாளில்
இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டவர்."
அப்படியானால்
பார்த்திருப்பார்.
பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்காமல்,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்.
படகின் இன்னொரு முனையைப் பிடித்திருந்தவனின் பெயராக இருக்கலாம்.
முன்பின் தெரியாத பெயராகவும் இருக்கலாம்.
இதற்கு மேல் போனால்
நான்தான் கதை கட்டுகிறேன்.

இத்தனை வருஷமும் தைரியநாதனுக்குத்தான்
விபூதி பூசினோம்.
மாதா கோயிலுக்குப் போயிருப்பான்,
எங்கள் சுண்டலை மறுக்காமல் வாங்கிக்கொண்டான்.
எங்கள் ஆள் எங்கே?
லிங்கராஜபுரத்தில் யார் வீட்டு அலமாரியிலோ
ஜெபமாலைக்குப் பக்கத்தில்.
இல்லை, எப்போதோ உருக்கி
ஒரு குழந்தையின் கொலுசாகி
தட்டித் தட்டி நடந்திருப்பார்.

மறுநாள் காலை
ஸ்கூட்டர், மிக்ஸி, என் லேப்டாப்,
சித்தப்பாவின் துளை போடும் மெஷின்.
கடைசியில், தட்டில், அவன்.
அத்தை பொட்டு வைத்தாள்.
விளிம்பைத் தொடவில்லை.
"தைரியநாதா, நீயும் சாப்பிடுப்பா."

சித்தப்பா பொரியை மென்றபடி கேட்டார்:
"நம்மாளுக்கு அவங்க என்ன வைப்பாங்க?"
"டிசம்பர்ல கேக் வைப்பாங்க" என்றேன்.
அத்தை கையை உதறி எழுந்தாள்.
"அதுல பேரீச்சம்பழம் போடுவாங்களேடி."