கோடு தாண்டாத கால்

ஸெனிட்சா மைதானத்தில் நான் அளவுநாடா பிடிக்கிறவன்.
அஸெமினா ஓடிவருவாள்.
பலகையில் கால் பட்டதும்
கொஞ்ச நேரம் அங்கே யாருக்கும் மூச்சு இராது.
அப்புறம் மணல்.
குழியிலிருந்து கோடுவரை நாடாவை இழுத்துப் பிடித்துச் சொல்வேன்.
ஆறு எண்பத்தொன்று என்று சொன்ன அன்று
என் தொண்டை அடைத்துக்கொண்டது;
நடுவர் இன்னொரு தரம் கேட்டார்.

அது போருக்கு முந்திய கோடை.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று.
அவள் குழுவுக்கு நான் வண்டி ஓட்டுகிறேன்.
தோபோய்க்கு மேலே, சரிவில், ஒரு பிளம் தோட்டம்.
முகத்தகட்டை இறக்கிவிட்டு
முழங்காலிட்டு
மெல்லிய கம்பியைச் சாய்த்து மண்ணுக்குள் விடுகிறாள்.
இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி.
மறுபடி.
ஆறு நொடியில் ஓடிக் கடந்த நாற்பது மீட்டர்
இங்கே நான்கு நாள்.
மழையென்றால் கணக்கில்லை.

ஒரு கண்ணியைத் தூரத்திலிருந்து காட்டினாள்.
மிதித்தால் உடனே வெடிக்காதாம்,
இடுப்புயரம் எழும்பி அப்புறம்தான்.
"இவளும் தாண்டுகிறவள்" என்றாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எங்கள் ஈட்டிக்காரன் ஸ்லாவென்
காளான் பறிக்கப் போனது இப்படி ஒரு சரிவுக்குத்தான்.
அவன் சாவுக்குப் போய்வந்த வாரம்
அவள் இந்த வேலைக்கு எழுதிக்கொடுத்தாள்.
காரணம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சராயேவோ நிருபர் பதக்கத்தோடு படம் கேட்டார்.
கொல்லைக்குக் கூட்டிப்போனாள்.
ரிப்பன் தக்காளிச் செடியைத் தாங்கி நின்றது,
வெண்கலம் குருவிகளை விரட்டிக்கொண்டு.

செப்டம்பரில் தோட்டம் சுத்தம் என்று கையெழுத்தானது.
உரியவர் ஃபிக்ரெத், வேலிக்கு வெளியே நின்றார்.
இருபத்தாறு வருஷம் அங்கேயே நின்று பழகிய கால்.
காகிதத்தைக் காட்டினோம்.
தலையாட்டினார்; நகரவில்லை.

அஸெமினா பூட்ஸைக் கழற்றினாள்.
எட்டிப் பின்வாங்கி
மரங்களுக்கிடையே ஓடினாள், வெறுங்காலோடு,
முழங்கால் நொடிக்கிற ஓட்டம்,
வேலிக்கயிறு கிடந்த இடத்தில் ஊன்றி எழும்பினாள்.
பழைய பழக்கம், நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
பெருவிரலைப் பார்த்தேன்.
கோட்டுக்கு இப்பால்தான்.

வண்டியில் நாடா இருந்தது.
மூன்று மீட்டர் பதினொன்று.
நடுவர் இல்லை; இருந்தும் உரக்கச் சொன்னேன்.

ஃபிக்ரெத் இறங்கிவந்தார்,
அவள் தடத்தில் மட்டும் கால் வைத்து,
ஒவ்வொன்றாக.
பாதி வழியில்
எங்கோ ஒரு பழம் தொப்பென்று விழுந்தது.

எல்லோரும் அப்படியே நின்றோம்,
அவளும்.