இரண்டாவது சொடுக்கு

இத்தாலியில் வார்த்தது.
அமெரிக்கச் சாயல்.
ஜெர்மனில் வசனம் கேட்டே பழகியது.
பழுதென்றால் என் மேஜைக்கு வரும்,
ஸூல் நகரில், ரயில் பாலத்துக்குக் கீழே,
திருப்பூரில் பதினோரு வருடம்
பின்னல் மிஷின் பார்த்தவளிடம்.

"விசை தொளதொளவென்று இருக்கிறது" என்றார்
க்ரோனவால்ட், தொப்பியைக் கழற்றாமல்.
ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரியில்
கோடைதோறும் கௌபாய் நாடகம்.
ஐம்பத்தெட்டு வயதிலும் இவர்தான் வில்லன்.
குதிரையேற மட்டும் வேறு ஆள்.

ஸ்க்ரூக்களைக் கழற்றினேன்.
ஒன்றின் தலையை யாரோ
சமையல் கத்தியால் திருகி மழுக்கியிருந்தார்கள்.
உள்ளே, எதிர்பார்த்ததுதான்.
இரண்டு கால் தகட்டு ஸ்பிரிங்
ஒரு கால் ஒடிந்து
கரிப்பிசுக்கில் கிடந்தது, மீன்முள் மாதிரி.
இந்த வகையில் முதலில் போவது அதுதான்.

எதிர்பாராதது வெளியே இருந்தது.
உருளையைச் சுற்றி ஒரு கோடு.
நீலம் தேய்ந்து வெள்ளை தெரிய,
அரைஞாண் இறுக்கிய தடம் போல.

சுடுவதால் வரும் கோடல்ல இது.
சுத்தியலைப் பின்னால் இழுத்தால்
நான்கு சொடுக்கு.
இரண்டாவதில் உருளை அவிழ்ந்துவிடும்,
யார் தொட்டாலும் சுற்றும்.
நான்காவதில் இறுகி நிற்கும்,
அப்புறம் விரல்தான் பாக்கி.
இரண்டோடு நிறுத்தி இறக்கினால்
பூட்டின் நாக்கு தன் பள்ளம் தெரியாமல்
வழவழப்பில் விழும்.
அடுத்த முறை கீறிக்கொண்டே போகும்.

ஒருமுறை செய்தால் கண்ணுக்குத் தெரியாது.
இது நூற்றுக்கணக்கில்.

தனி வீடு, ராத்திரி, கட்டில் விளிம்பு
என்று எங்கெங்கோ போனது புத்தி.
கேட்கக் கூடாதென்று துடைத்தேன்.
எண்ணெய் விட்டேன். மறுபடி துடைத்தேன்.
"யார் இதைப் பாதியில் இறக்குவது?"

இப்போது தொப்பியைக் கழற்றினார்.
"மூன்றாம் காட்சி.
தந்தி ஆபீஸ் பெண்ணுக்குக் குறிவைப்பேன்.
முகத்தைப் பார்ப்பேன். இறக்கிவிடுவேன்.
கோடைக்கு அறுபத்துநாலு மாலை.
இது ஏழாவது கோடை."

"நாலு சொடுக்கும் கேட்க வேண்டாமா?"

"எழுதியிருப்பது அப்படித்தான்.
முதல் வருடம் நாலாவதில்
யெட்டே கண்ணை மூடிக்கொண்டாள்.
நடிப்பு இல்லை அது.
அன்றிலிருந்து நான் இரண்டோடு சரி.
மிச்ச இரண்டைத் திரைக்குப் பின்னால்
ஒரு பையன் மரக்கட்டையால் தட்டிவிடுவான்."

இரும்பு கெடாமலிருக்க
முழுக்க இழுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்,
தொழில்முறையில் அதைச் சொல்லியாக வேண்டும்,
சொன்னேன்.
"போன ஸ்பிரிங் மாற்றியவரும் சொன்னார்" என்று
ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அறுபத்துநாலு ஏழு, நானூற்று நாற்பத்தெட்டு.
ஒத்திகைகள் கணக்கில் இல்லை.

கம்பி ஸ்பிரிங் போட்டேன்,
ஒடியாது என்று எழுதித் தர முடியாது.
நாக்கின் விளிம்பை எண்ணெய்க் கல்லில்
இரண்டே இழுப்பு.
கீறல் குறையும், நிற்காது.
கோட்டின் மேல் நீலம் ஏற்றட்டுமா என்றேன்,
விலையும் சொன்னேன்.
வேண்டாமாம்.

பில்லில் குறிப்பு எழுதும் கட்டம் ஒன்று உண்டு.
எழுதினேன்:
உருளையில் கோடு. பழுதல்ல.

பணம் கொடுத்தார், கைகுலுக்கினார், போனார்.
பாலத்தின் மேல் ரயில் போய் முடிந்ததும்
திரும்பி வந்தார்,
தொப்பிக்கு.