கடைசி நிறுத்தம்

"மெஷின்ல வி.கே.புரம் வரைக்கும்தான் ஊர் வருது,
பாபநாசத்த எங்க தொலைச்சிய?"
கண்டக்டர் செய்யது மசூது போனில் கேட்டபோது
வண்ணார்பேட்டை மாடி அறையில்
கரண்ட் போய்க் கால் மணி. லேப்டாப்பில் பதினொரு சதவீதம்.

யார் எழுதிய வரி இது?
பக்கத்து நாற்காலி வேல்மயிலைத் திட்ட
வார்த்தைகூட எடுத்து வைத்துவிட்டேன்.
வரலாற்றைத் திறந்தால்
வரிக்கு நேரே ஆவுடைத்தங்கம்,
போன மாதம், இரவு 11.52.
நான்தான்.

கிலோமீட்டர் கணக்குக்கு எழுதிய துணுக்கு.
ஜங்ஷன், பேட்டை, சேர்மாதேவி என்று
எட்டு ஊருக்கு ஏழு இடைவெளி;
அங்கே ஒன்றைக் கழித்தது சரி.
அதையே வெட்டி ஊர்ப்பட்டியலில் ஒட்டினேன்.
இடைவெளியை எண்ணிய கை
ஊரை எண்ணியது.
மலையடியில் ஓர் ஊர் காணோம்.

எத்தனை பேர் வி.கே.புரம் டிக்கெட்டில் போய்
பாபநாசத்தில் குளித்தார்களோ,
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அழிக்க இரண்டே எழுத்து.
கீழே ஒரு சோதனை எழுதி
'பாபநாசம்' என்றே பெயர் வைத்தேன்;
அந்த ஊர் வராமல் இனி எதுவும் கிளம்பாது.

ஏழரைக்குச் செய்தி:
"பாபநாசம் வந்துட்டு.
திரும்பி வரயில
ஜங்ஷன் ரெண்டு தடவ வருது."