ஏழாவது அடி

பெர்பெத்துவா என்பது ஞானஸ்நானப் பெயர்.
போஸ்டரில் பெப்பி.
'பொட்டலம்' பாட்டு வந்த வருஷம்
காசிமேட்டில் நாலு குழந்தைக்கு
அந்தப் பெயர் வைத்தார்கள்,
அதில் ஒன்று ஆண்.

நமக்கு ஸ்பீக்கர் வாடகை.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப்பக்கம் குடோன்.
ரெண்டு டாப், நாலு பேஸ் பெட்டி, ஒரு மிக்சர்;
மூன்றாவது குமிழைப் பென்சில் செருகித்தான் திருப்பவேண்டும்.
பெப்பி பாட்டு போடாத ரிசப்ஷனில்
எனக்கு மீதிப் பணம் முழுசாக வந்ததில்லை.

அப்புறம் ரெண்டு வருஷம் ஆளே இல்லை.
தொண்டை போச்சு என்றார்கள்.
கனடாவில் கல்யாணம் என்றார்கள்.
ஐஸ் ஃபேக்டரி வாட்ச்மேன் தேசப்பன் மட்டும் சொன்னான்,
ராத்திரி ரெண்டு மணிக்கு
மைக்கை ஈரத்துண்டில் சுற்றிப் பிடித்தபடி
ஒரு மொட்டைத்தலைப் பொம்பளை
கிரஷர் பக்கத்தில் நிற்கிறாள் என்று.
குடித்திருக்கிறான் என்று நினைத்தேன்.

புதுசு வந்தது. பேர் 'கேட்'.
எட்டு டிராக், ஒரு சொல் கிடையாது.
முதலாவதில் ரயில்வே கேட் மூடுகிறது,
பதினோரு நிமிஷம் மூடியே கிடக்கிறது.
கூட்ஸ் போகிறது, போகிறது,
அதற்கு அடியில் பேஸ் டிரம்
யாருக்கும் காத்திராமல் நடக்கிறது.
அவள் குரலைத் தேடினேன்.
ஒன்பதாவது நிமிஷத்தில் ஒரு மூச்சு.
சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து
கம்பிக்கு அடியில் நுழைகிறவனின் மூச்சு.
"பெட்டி கிழிஞ்சிடுச்சாண்ணே?" என்றான் உதவிக்கு வந்த பையன்.

கோபம்தான் வந்தது, மறைப்பானேன்.
மிக்சர் தவணையை அவள் குரலில்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.
அட்டையில் ஜிகினா இல்லை, முடி இல்லை.
சிரிக்கிறாள்.
முன்பல் பாதி உடைந்திருக்கிறது.
இத்தனை நாள் மூடி போட்டிருந்தாள் போல.

சனிக்கிழமை ஜீவரத்தினம் நகரில் ரிசப்ஷன்.
மணப்பெண்ணே மேடையிலிருந்து கை காட்டினாள்:
"பெப்பி புதுசு போடு."
மூன்றாவது டிராக்கைப் போட்டேன்.
மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் பாய்ந்து வந்தார்கள்.
ஆறு அடி.
பிறகு ஒன்றுமில்லை.
மறுபடி ஆறு.
தூக்கின கால் தூக்கினபடி ஒருத்தன்.
"இன்னா மாமே, வண்டி பஞ்சரா?"
சிரிப்பு. என் கை பென்சிலுக்குப் போனது.

பந்தியிலிருந்து எழுந்து வந்தாள் நவமணி.
கை கழுவவில்லை.
ஐஸ் உடைக்கிற ஷிஃப்ட்டில் பத்தொன்பது வருஷம்.
பின்னால் இன்னும் ரெண்டு பேர், வாயில் பீடாவோடு.
ஆறு அடி ஆடினாள்.
ஏழாவதில் இடுப்பை நிறுத்தி
தோளை மட்டும் சாய்த்தாள்,
பாரத்தை இந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கத்துக்கு மாற்றுகிற மாதிரி.
அடுத்த அடி அவள் குதிகாலுக்குக் கீழே வந்து விழுந்தது.

"எங்க மெஷினுடா இது," என்றாள்.
"நடுவுல ஒரு பல்லு போயிருச்சு. ஓனரு மாத்த மாட்றான்.
அந்த கேப்புலதான் நாங்க மூச்சு வுடுவோம்."

பையன்கள் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன்.
தப்பாகத்தான் ஆடினார்கள், எச்சில் கை மேலே பட
அந்த மூன்று பேரைச் சுற்றி.
மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து
"நல்ல பாட்டா போடுப்பா" என்றார்.
போட்டேன்.
நவமணி போய் மோர் ஊற்றச் சொல்லி உட்கார்ந்தாள்.
மீதிப் பணத்தில் ஐநூறு குறைந்தது.

குட்டியானையில் பெட்டிகளை ஏற்றித் திரும்பும்போது
கேட் போட்டிருந்தது.
டிரைவர் எஞ்சினை அணைத்தான்.
கூட்ஸ்.
இருட்டில் ஒவ்வொரு பெட்டியாக எண்ணினேன்,
முட்டியில் விரல் தட்டி:
நாலு, அஞ்சு, ஆறு,
எங்கேயோ விட்டுப்போனது.
மறுபடி ஒன்றிலிருந்து.