கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில்

பொருள்: கேட்சர் முகக்கவசம். எண்ணிக்கை: ஒன்று.
நிலை: நன்று.
ஜூன் மாத இருப்புப் பதிவேட்டில்
என் கையெழுத்து.

அன்றைக்கே மூன்றாவது கம்பி விட்டுப்போய்
கட்டுக்கம்பி சுற்றித்தான் கிடந்தது.
பார்த்தேன்.
பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.
புதியது கேட்டு நான் போட்ட விண்ணப்பம்
தல்லாகுளத்தில் எந்த மேசையிலோ
டீ கிளாஸுக்கு அடியில் இருக்கும்.

ஜோஸ்லின் வீசியது நல்ல பந்து.
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
ரேஸ்கோர்ஸ் மைதானம், சாயங்காலம் நாலரை,
மட்டையின் விளிம்பை உரசிக்கொண்டு
கொஞ்சமே கொஞ்சம் திசை மாறி
பந்து போன இடத்தில்
பாண்டிமீனாவின் கன்ன எலும்பு இருந்தது.
அவள் கண்ணை மூடவில்லை.
கேட்சர் கண்ணை மூடக்கூடாது என்று
சொல்லிக்கொடுத்தவள் நான்.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
அவள் அம்மா என்னைத் திட்டவில்லை.
மாட்டுத்தாவணியில் வெங்காய மூட்டை தைக்கிற கை,
கவசத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
"இந்தக் கூண்டு எதுக்கு டீச்சர்?"
அவ்வளவுதான் கேட்டாள்.

அன்றிலிருந்து கைப்பையில் ஒரு பந்து.
பெரியார் நிலையம் போகும் பஸ்ஸின் ஜன்னல் கம்பி: போகிறது.
ரேஷன் கடைக் கிராதி: போகிறது.
தலைமையாசிரியர் அறை வெண்டிலேட்டர்: தாராளமாக.
வீட்டுப் பரணில் எலிப்பொறி: போகவில்லை.
எலிக்குச் செய்தவன்
அளந்து செய்திருக்கிறான்.

பழங்காநத்தத்தில் கிரில் கேட் அடிக்கிற சிக்கந்தரிடம்
பந்தைக் கொடுத்தேன்.
இதுதான் அளவு, இது உள்ளே வரக்கூடாது.
அவர் அதை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார்.
"வேகமா வந்தா நெளியும் டீச்சர்.
சரியா அளவுக்கு வச்சா
பிதுங்கி உள்ள வந்துரும்.
பாதி வைப்போம்."
இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதியிருக்கிறேன்.
இது எனக்குத் தோன்றவில்லை.

கவசத்துக்குள் ஒரு பரங்கிக்காய்.
பதினெட்டு நாளாய்ப் பந்தைத் தொடாத ஜோஸ்லின்
வீச மாட்டேன் என்றாள்.
காய்தான்டீ, என்றேன்.
"மூஞ்சி மாதிரி இருக்கு மிஸ்."
துணியைப் போட்டு மூடிய பிறகு
வீசினாள்.

கம்பி நின்றது.
காய் பிளந்தது.
கம்பி நின்றால் போதாதாம்;
முகத்துக்கும் அதற்கும் நடுவே
இரண்டு விரல் காற்று வேண்டுமாம்.
சிக்கந்தர் வளைவைப் புடைத்து அடித்தார்.
கார் சீட்டுக்கு வைக்கிற கெட்டி ஸ்பாஞ்சை
நெற்றிக்கும் தாடைக்கும் வெட்டி ஒட்டினோம்.
இரண்டாவது காயில் கீறல்.
வார் நழுவியது என்று வாரை மாற்றினோம்.
மூன்றாவது காயை
நாற்பது பந்துக்குப் பிறகு வெளியே எடுத்து
ஜோஸ்லின் தடவித் தடவிப் பார்த்தாள்.
மறுநாள் சத்துணவுச் சாம்பாரில்
அவளே ஒரு கரண்டி கூடுதலாய்க் கேட்டாள்.

தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்:
அரசுப் பொருளை யார் மாற்றச் சொன்னது?
கழித்துக் கட்டியதாய் எழுதுங்கள்,
இல்லையென்றால் பழையபடி ஆக்கி வையுங்கள்.
பழையபடி என்றால்
கட்டுக்கம்பியோடா சார், என்றேன்.
அவர் குறிப்பெழுதிக்கொண்டார்.
அதற்கான விளக்கம் இன்னும் நான் கொடுக்கவில்லை.

தை பிறந்து பாண்டிமீனா வந்தாள்.
இடது கன்னம் கொஞ்சம் பள்ளம்,
சிரித்தால் மட்டும் தெரிகிறது.
கவசத்தை மாட்டிக் குந்தி உட்கார்ந்து
தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.
கனமா இருக்கா?
"கொஞ்சம்."
பந்து தெரியுதா?
"தெரியுது.
உங்க மூஞ்சிதான் மிஸ்,
கம்பி மறைக்குது."

நான் நகர்ந்து நின்றுகொண்டேன்.
ஜோஸ்லின்
கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்தாள்.