கணவாயில் இரண்டு கார்கள்

இரவு பதினொன்றரைக்கு அழைப்பு.
ஃபீலெஃபியெல் மலைக்கணவாய், மைனஸ் இருபத்திரண்டு.
இரண்டு கார்கள், ஒரே புகார்:
நகர முடியவில்லை.
மீட்பு லாரியைக் கிளப்பினேன்.
டீசல்தான்.
அதைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

சார்ஜ் நிலையத்தின் மஞ்சள் விளக்கடியில்
தோளோடு தோள் நின்றன.
இடப்பக்கம் நூறாண்டுக் கம்பெனியின் வண்டி.
எஞ்சின் போன பிறகும்
முகத்தில் மூக்கை விட்டுவைத்திருக்கிறார்கள்,
காற்றே புகாத கறுப்பு பிளாஸ்டிக் சல்லடை.
உள்ளே, தரை நடுவில் ஒரு மேடு.
புகைக்குழாய் ஓடிய தடம்.
குழாய் இல்லை, மேடு இருக்கிறது,
வெட்டியெடுத்த காலில்
இன்னும் அரிப்பு எடுப்பதுபோல.

வலப்பக்கத்து வண்டிக்கு
மூக்கும் இல்லை, முன்னோரும் இல்லை.
கம்பெனிக்கே வயது ஒன்பது.
கூழாங்கல்லாய் வழித்தெடுத்த உடம்பு.
பொத்தான் கிடையாது, சாவி கிடையாது.
கைப்பிடிகூடக் கதவுக்குள் படுத்திருக்கும்,
சொந்தக்காரர் நெருங்கினால்
எழுந்து கைகொடுக்கும்.
இன்று எழவில்லை.

ஒட்வார், படகுத்துறையில் மெக்கானிக்காக இருந்தவர்,
காப்பி வாங்க இறங்கிய ஐந்து நிமிடத்தில்
பனி வந்து முத்திரை வைத்துவிட்டது.
கோட்டு உள்ளே. தொப்பி உள்ளே.
போன் மட்டும் கையில்.
"கதவு திறந்துவிட்டது" என்கிறது செயலி,
மூன்றாவது முறையாக.

குன்வெய்க் தன் காரில் அவருக்கு இடம் கொடுத்திருந்தாள்.
மருத்துவச்சி.
கீழே பள்ளத்தாக்கில் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது.
இவள் காரின் கதவு திறப்பதற்கு
இழுத்தால் போதும்.
ஆனால் பேட்டரி ஒன்பது சதவீதம்.
குளிர்ந்த பேட்டரி மின்சாரத்தைக்
காய்ச்சல்காரன் கஞ்சி குடிப்பதுபோல
மிடறு மிடறாக இறக்குகிறது.
ஏறும் வழியிலேயே சூடாக்கிக்கொள் என்று
அதற்குச் சொல்லித்தர
யாருக்கும் தோன்றவில்லை.
ஒட்வாருடையதற்கு அது பிறவியிலேயே தெரியும்.
எழுபத்தொன்று இருக்கிறது,
பூட்டிய கதவுக்குப் பின்னால்.

நான் போனபோது
சண்டையின் நடுவில் இருந்தார்கள்.
"உங்கள் கம்பெனி
அடுத்த குளிர்காலம்வரை இருக்குமா?"
"உன் கம்பெனி
போன குளிர்காலத்தில்தானே இருக்கிறது!"
"எங்களுக்கு ஊருக்கு ஊர் பட்டறை உண்டு."
"எனக்குப் பட்டறையே தேவைப்பட்டதில்லை,
இந்த நான்கு வருடத்தில்..."
மீதியை முடிக்காமல்
கண்ணாடி வழியே தன் காரைப் பார்த்தார்.

போனை அணைத்துப் போட்டோம்.
பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினேன்.
வாயால் ஊதினேன், அந்த ஈரமும் உறைந்தது.
புதிய குருடி, கதவைத் திறடி.
கடைசியில்
கைப்பிடியின் வால்பக்கம் முஷ்டியால் ஒரு குத்து.
உறைந்த மீன்பெட்டிக்குச் செய்வதுதான்.
பனி விரிசல் விட்டது.
அது மெதுவாக வெளியே வந்து,
ஒன்றும் நடக்காததுபோலக் கைகொடுத்தது.

ஒட்வார் கோட்டை மாட்டிக்கொண்டே
குன்வெய்க்கிடம் சொன்னார்:
"பையை எடு. நான் கொண்டுபோய் விடுகிறேன்."
அவள் தயங்கவில்லை.
சாவியை என் கையில் திணித்தாள்.
உள்ளே உட்கார்ந்ததும்
இருக்கையைச் சூடாக்கும் பொத்தானை
இருட்டில் தடவித் தேடுவதைப் பார்த்தேன்.
இருக்கை ஏற்கெனவே சூடாக இருந்திருக்கும்.
சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.
டயருக்கடியில் பனி நொறுங்கியது மட்டும்
வளைவுவரை கேட்டது.

படிவம் ஒன்று நிரப்ப வேண்டும்.
கோளாறு: வாகனம், ஓட்டுநர், மற்றவை.
மற்றவையில் குறியிட்டேன்.
அலுவலகத்தில் திட்டுவார்கள்.

லாரியின் ஹீட்டர் ஒரு வாரமாகப் பழுது.
அதனால் அவள் காரின் பின்னிருக்கையில் ஏறி
காலை நீட்டிக்கொண்டேன்.
ஒட்வார் மறந்துவிட்டுப் போன காப்பி.
வைக்க இடம் தேடி
அந்த மேட்டின்மேல் வைத்தேன்.
சாயாமல் உட்கார்ந்தது.
வெளியே மூச்சுவிடாத மூக்கின்மேல்
பனி ஏறிக்கொண்டிருந்தது.

பதினான்கு சதவீதம்.