எண்ணெய் ஊறும் பூனை

முதல் நாள் நான் அதைத் தொடவில்லை.
உரித்த கோழிபோல் இருந்தது.
கழுத்தில் மூன்று மடிப்பு, நெற்றியில் ஏழெட்டு,
வௌவாலிடம் இரவல் வாங்கிய காது.
ரோமம் இல்லை, மீசை இல்லை,
இமையில் ஒரு மயிர்கூட இல்லை.
கண்ணை மூடிக்கொண்டாலும்
இதன் உலகம் இருண்டுவிடாது என்று நினைத்தேன்.

கீழ்வீட்டு ரோஸ்விதா கெம்பர்
இடுப்பெலும்பு முறிந்து
பராமரிப்பு இல்லத்துக்குப் போன கிழமை
அவரின் மகன் பூனையையும் ஒரு கொப்பியையும்
என் கையில் தந்தான்.
ஒரு மாதம், என்றான்.
வூப்பர்ட்டாலில் அதற்குப் பிறகு
இரண்டு முறை பனி கொட்டிவிட்டது.

கொப்பியில் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து:
*சனிக்கிழமை குளியல். தண்ணீரை முதலில்
உன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்.
காதில் மண்ணிற அழுக்கு சேரும், பஞ்சால் எடு,
ஆழம் போகாதே.
நகக்கண்ணில் பிசுக்கு. மறந்துவிடுவாய், மறக்காதே.
ஜூன் மாதம் ஜன்னலுக்குத் திரை போடு, தோல் வெந்துவிடும்.
நிறையத் தின்பான். திட்டாதே.
தின்பதை எரித்துத்தான் சூடாக இருக்கிறான்.*
கடைசிப் பக்கத்தில் மட்டும்: *அவன் பெயர் லூட்கர்.*

நாங்கள் எண்ணெய் வைத்துக் குளிப்பவர்கள்.
இவனுக்கு எண்ணெய் உள்ளிருந்தே ஊறுகிறது.
வாங்கி உறிஞ்ச மயிர் இல்லை,
ஆகவே என் வெள்ளை விரிப்பில்
தேநீர்க் கறைபோல்
இன்னொரு பூனை சுருண்டு படுத்திருக்கிறது,
எத்தனை துவைத்தும் எழும்புகிறதில்லை.

சவர்க்காரம் பட்டால் விரால் மீன்.
கத்துவான், வழுகுவான்,
தோளில் நகம் பதித்து
என் காதுக்குள் எதையோ முறையிடுவான்.
ஹீற்றரில் காயவைத்த துவாயைக் கண்டதும்
சட்டென்று நல்ல பிள்ளை.
கெம்பர் பின்னிய கம்பளிச் சட்டையை
ஒருமுறை போட்டுவிட்டேன்.
செத்தவன்போல் பக்கவாட்டில் விழுந்தான்.
கழற்றியதும் உயிர்த்தான்.

எனக்கு வேலை குளிர்க்கிடங்கில்.
கழித்தல் இருபத்திநான்கு பாகை.
பட்டாணி, மீன் துண்டு, பிறகும் பட்டாணி.
இரண்டு சோடி கையுறை போட்டும்
விடியற்காலம் விரல்கள் என்னுடையவை அல்ல.
ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகும் ரயிலில்
அவற்றைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வருவேன்.
ஒருநாள் அதே கையால் அவன் முதுகைத் தொட்டேன்.
உடம்பு முழுக்க ஒரே சுருக்கமாகி
அலுமாரியின் மேல் போய் நின்றான்.
இப்போது ஒழுங்கு இதுதான்:
கதவு, சப்பாத்து, ஹீற்றர்.
அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.
முன்னங்காலால் என் புறங்கையைத் தொட்டுப் பார்ப்பான்.
போதாது.
உள்ளங்கையைத் திருப்புவேன்.

மிருக வைத்தியர் ஹோல்ட்காம்ப்
ஆண்டுக்கொருமுறை அவன் நெஞ்சைப் பார்க்கிறார்.
சவரம் தேவைப்படாத ஒரே நோயாளி என்று சிரிப்பார்.
திரையில் ஒரு சின்ன வாய்
திறந்து மூடித் திறந்து மூடியது.
சுவர் இன்னும் தடிக்கவில்லை, என்றார்.
கையிலிருந்த பசையைத் துடைத்தபடி,
என்னிடமா தன்னிடமா தெரியவில்லை:
"அழகென்று சொல்லி இப்படி ஒன்றைப்
பிறப்பித்திருக்கக் கூடாது.
மீசை இல்லாமல் இருட்டை எதால் அளப்பான்?
பிறந்துவிட்டான். சூடாக வைத்திருங்கள்."

எதால் அளக்கிறான் என்று எனக்குத் தெரியும்.
மின்சாரம் போன இரவொன்றில்
என் கெண்டைக்காலில் தோளை உரசிக்கொண்டே
சமையலறைவரை வந்தான்.
நான் நின்றால் நின்றான்.

போன ஞாயிறு கெம்பரைப் பார்க்கப் போனேன்.
என்னை மின்சாரம் திருத்த வந்தவன் என்று நினைத்தார்.
பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து
மூக்கருகே கொண்டுபோனார்.
நெடுநேரம் விடவில்லை.
"லூட்கருக்கு மயிர் முளைத்துவிட்டதா?"
இன்னும் இல்லை, என்றேன்.
முளைக்கும், என்றார்,
அவசரப்படுத்தாதே.